பட்டதா படவில்லையா

டக் என்று ஒரு சத்தம் கேட்டது. முதுகுப் பையில் கேட்டதா, பக்கத்தில் எங்கேயோ கேட்டதா, தன் மண்டைக்குள்ளேயே கேட்டதா என்று திருமலைச்சாமிக்குப் புரிபடவில்லை. பாலத்தின்மேல் குப்புறப் படுத்திருந்தார். பாலம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் ஒரு காட்டுக்குள், ஓடை என்று சொன்னால் ஓடையே வெட்கப்படக்கூடிய ஒரு பள்ளத்தின்மேல் போட்ட நாலு பலகை. இன்றைக்கு மட்டும் அதற்குப் பர்மா பாலம் என்று பெயர், இன்றைக்கு மட்டும் வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு, இன்றைக்கு மட்டும் ஸ்விண்டனில் மென்பொருள் சோதித்துப் பிழைக்கும் உடுமலைப்பேட்டை திருமலைச்சாமி மெட்ராஸ் படையின் சிப்பாய். கையில் துப்பாக்கி. நிஜம் இல்லை, ஆனால் பார்த்தவன் சத்தியம் பண்ணுவான் நிஜம் என்று. பிளாஸ்டிக் குண்டு போடும். குண்டு பட்டாணியைவிடச் சின்னது, பட்டால் கட்டெறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று இருக்கும், சட்டையில் கறை ஒட்டாது. அதனால்தான் இத்தனை வம்பும். இந்த விளையாட்டில் அம்பயர் கிடையாது. பட்டவன் தானாகவே கையைத் தூக்கி ‘ஹிட்’ என்று கத்த வேண்டும். கத்தினால் செத்தான். கத்தாவிட்டால் அவன் பாடு, அவன் மனசாட்சி பாடு. உடம்பில் பட்டாலும் சாவு, பையில் பட்டாலும் சாவு, தொப்பியில் பட்டாலும் சாவு. துப்பாக்கியில் பட்டால் மட்டும் சாவு இல்லை. இப்போது கேட்ட டக் எந்த டக்? பையில் இருப்பது தகரச் சாப்பாட்டு டப்பா, அதற்குள் மனைவி கோகிலா கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழச் சோறு. தகரத்தில் பட்டால் டிங் என்றல்லவா கேட்க வேண்டும்? சோறு நிறைந்த தகரம் டிங் என்று சொல்லுமா, டக் என்று சொல்லுமா? வீட்டில் ஒரு தடவை தட்டிப் பார்த்திருக்கலாம். இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தாயிற்று.

அசையாமல் கிடந்து உடம்பைக் கேட்டுப் பார்த்தார். முதுகே, உனக்குப் பட்டதா? முதுகு வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? அதன் வாயைத்தான் கோகிலா கம்பளியால் அடைத்துவிட்டாளே. பர்மா வெயிலில் வேர்த்து ஊற்றும் சிப்பாய்க்காகக் கண்டுபிடித்த மெல்லிய காக்கிச் சட்டை, அதை அக்டோபர் மாச இங்கிலாந்தில் போட்டுக்கொண்டு ஈர மண்ணில் படுக்கப் போகிறேன் என்று சொன்னபோது அவள் அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். உள்ளே ஒரு தெர்மல் பனியன், அதற்குமேல் இன்னொன்று, அதற்குமேல் அவள் கையால் பின்னிய கத்தரிப்பூ ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலேதான் நாற்பத்து நாலாம் வருஷம். தலையிலும் அதே கதை. ஒரு பக்கம் மடித்த அகலத் தொப்பி வெளியே, அதற்குள் காதை மூடி ஒரு குரங்குக் குல்லா. “ஏனுங், செத்தா செத்துப்போங்க, அது விளையாட்டு. சளி புடிச்சா மருந்து நாந்தான் தேய்க்கோணும்” என்றாள். அன்பு என்பது இப்படித்தான் ஆளை மாட்டிவிடும். இத்தனைக்கும் அடியில் கிடக்கிற தோலுக்கு ஒரு பிளாஸ்டிக் குண்டு பட்டது எப்படித் தெரியும்? ஒரு தேங்காயே விழுந்தாலும் யாரோ முதுகைத் தட்டிக்கொடுக்கிறார்கள் என்றுதான் நினைக்கும்.

சுட்டது குகனேசன். சுட்டிருந்தால் குகனேசன். எதிர்ப் பக்கத்தில் உயிரோடு மிச்சம் இருப்பது அவர் ஒருத்தர்தான். இந்தப் பக்கம் மிச்சம் இருப்பது திருமலைச்சாமி ஒருத்தர்தான். மற்றவர்கள் எல்லாம் அங்கங்கே சிவப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு செத்துக் கிடக்கிறார்கள், அதாவது உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசிச் சுற்றில் ஆளுக்கு ஒரே உயிர், செத்த இடத்தை விட்டு நகரக் கூடாது, செத்தவன் வாயைத் திறக்கக் கூடாது, உயிரோடு இருப்பவனுக்கு ஜாடை காட்டவும் கூடாது, விசில் ஊதும்வரை பிணம் பிணமாகவே இருக்க வேண்டும். விசில் ஊதும்போது பாலத்தின்மேல் உயிரோடு ஒரு மெட்ராஸ் சிப்பாய் இருந்தால் மெட்ராஸ் பக்கம் ஜெயித்தது. அந்த ஒரு சிப்பாய் திருமலைச்சாமி. சற்று முன்னால் எதிரே பெரணிப் புதருக்குள் காக்கி ஒன்று அசைந்தது, தோளில் ஆரஞ்சுப் பட்டை, குகனேசனேதான், இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு குண்டு போட்டார். காக்கி குனிந்து மறைந்துவிட்டது. வழக்கம்போல் தவறிப்போயிருக்கும். அடுத்த குண்டுக்கு போல்ட்டை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்கி முடிப்பதற்குள் இந்த டக். அதற்குப் பிறகு புதரில் ஒரு இலை அசையவில்லை.

எப்படிப்பட்ட ஆள் பாருங்கள். சுட்டுவிட்டு, பட்டுவிட்டது என்று தெரிந்தும், ஒரு வார்த்தை பேசாமல் காத்திருக்கிறார். நீ நேர்மையான ஆளாக இருந்தால் எழுந்திரு, இல்லாவிட்டால் கிட, நான் ஒன்றும் கேட்க மாட்டேன் என்கிற மௌனம். கெட்ட வார்த்தையில் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இல்லை, அவருக்கே சந்தேகமாக இருக்குமோ? பட்டதா என்று தெரியாமல் அங்கே அவரும் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பாரோ? இல்லை, இது தந்திரமோ, நான் தலையைத் தூக்கட்டும் என்று குறிபார்த்துக் கிடக்கிறாரோ? குகனேசன் அப்படிச் செய்கிற ஆளா? யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூடத்து அறிவியல் கூடத்தில் வேலை, சொட்டு சொட்டாக அளந்து ஊற்றுகிற கை. காலையில் கார் நிறுத்துமிடத்தில் திருமலைச்சாமி ஆணியடித்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு தார்ரோட்டில் வழுக்கி வழுக்கி வந்தபோது சிரிக்காமல் கையைக் கொடுத்துப் பிடித்த ஒரே ஆள். பிடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“என்ன அண்ணை, வெள்ளைக்காரன்ர சம்பளத்துக்கே இந்த உடுப்பைப் போட்டீங்கள்?”

“நீங்க மட்டும் என்னங்க? அதே காக்கி, அதே துப்பாக்கி. ரெண்டு பேரும் ஒரே கடையில வாங்குனமாட்டத்தான் இருக்கு.”

“என்ர பறிச்சது அண்ணை. நாங்கள் இந்திய தேசிய ராணுவம். வெள்ளையனிட்டப் பறிச்சு வெள்ளையனுக்கே அடிக்கிற ஆக்கள்.”

அது என்னவோ உண்மைதான். இரண்டு பேரும் ஒரே காக்கி, ஒரே பட்டை, ஒரே வடிவத் துப்பாக்கி. அதனாலேயே காலின் என்கிறவர் எதிர்ப் பக்கத்துக்காரர்கள் தோளில் ஆரஞ்சுத் துணியைக் கட்டிவிட்டார். காலின்தான் இதையெல்லாம் நடத்துகிறவர், வாசலில் நின்று ஒவ்வொருத்தரையும் பரிசோதித்து உள்ளே விடுகிறவர், நாற்பத்து நாலில் இல்லாத ஒரு பொத்தான் இருந்தாலும் காருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். அவருக்குப் பயந்துதான் உடுமலையில் டெய்லர் வேலாயுதத்திடம் படம் வரைந்து, பாகம் குறித்து, கால்சட்டைக்கு ஜிப் கூடாது, பொத்தான்தான் வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தார். பார்சல் வந்தது, பிரித்தால் பளபளவென்று ஜிப். போனில் கேட்டால், “பட்டன் வெச்சா அவசரத்துக்கு ஆகாதுங் சார். நீங்க ஏதோ நெனப்புல சொல்லீட்டீங்கன்னு ஜிப்பே வெச்சுட்டனுங். செல்போன் வெக்க உள்ள ஒரு பாக்கெட்டும் வெச்சிருக்கறனுங், அதுக்கு காசு வேண்டாமுங்” என்கிறார். ஜிப்பைப் பிரித்துப் பொத்தான் வைத்தது கோகிலா. உள்பாக்கெட்டை மறந்துவிட்டார்கள். இன்று காலை காலின் விரல் நேராக அதற்குள்தான் போனது. இது எதற்கு என்றார். திருமலைச்சாமிக்குப் பொய் வராது, செல்போனுக்கு என்றார். காலின் முகம் மாறாமல் சட்டைப்பையிலிருந்து ஊசிநூலை எடுத்து, முட்டி போட்டு, எல்லார் முன்னாலும் அந்தப் பாக்கெட்டைத் தைத்து மூடிவிட்டுத்தான் உள்ளே விட்டார். குரங்குக் குல்லா அப்போது பைக்குள் இருந்ததால் தப்பித்தது. வரிசையில் நின்ற முப்பது வெள்ளைக்காரர்களும் மரியாதையாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இதற்கெல்லாம் காரணம் அந்த முகம். ஆரம்பத்தில் அவர் ஆசைப்பட்டது அமெரிக்கத் தாம்ஸன் துப்பாக்கிக்குத்தான். பேட்டரி போட்டால் தர்ரென்று மழை மாதிரிப் பொழியும், பார்க்கவும் கம்பீரம். படத்தைக் கணினியில் பின்திரையாக வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க ஏங்கினார். ஆங்கிலேயரின் ஸ்டென் துப்பாக்கி போதுமா, தாம்ஸன்தான் வேண்டுமா, அமெரிக்கன் ஆவதா, ஆங்கிலேயன் ஆவதா, அமெரிக்கன் ஆனால் என் மூஞ்சிக்கு என்ன பதில் சொல்வது என்று குளிக்கும்போதும் யோசனை. அப்புறம் ஒரு நாள் இணையத்தில் எவனோ ஒருத்தன் எதற்கோ போட்டிருந்த பழைய பர்மாப் படம் கண்ணில் பட்டது. மெட்ராஸ் சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள், ஓரத்தில் ஒருவர், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, போட்டோ பிடிக்கிறவன் சீக்கிரம் முடித்தால் தேவலை என்கிற மாதிரி. அச்சாகப் பொள்ளாச்சி பஸ் கண்டக்டர் முகம். சில்லறை இல்லையா, இறங்கு என்று சொல்கிற முகம். திருமலைச்சாமி படத்துக்குக் கீழே தேடினார். இவர் இங்கே எதற்கு வந்தார், யாருக்காக வந்தார், வீட்டுக்குத் திரும்பிப் போனாரா, ஒன்றும் எழுதவில்லை, பேர்கூட இல்லை. அந்த முகத்தைப் பெரிதாக்கினார், பெல்ட்டைப் பெரிதாக்கினார், கொக்கியைப் பெரிதாக்கினார், கையில் இருந்த லீ என்ஃபீல்டு துப்பாக்கியைப் பெரிதாக்கினார், அதோடு தாம்ஸன் ஆசை போயே போய்விட்டது. ஒரு குண்டுக்கு ஒரு தடவை போல்ட்டை இழுக்க வேண்டும். எதிரில் இருப்பவன் அதற்குள் முப்பது குண்டு போடுவான். பரவாயில்லை. கண்டக்டர் வைத்திருந்தது அதுதான் என்றால் அதுதான்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. துப்பாக்கி வந்தது, பிளாஸ்டிக் கட்டையோடு. அதைக் கழற்றிவிட்டு வால்நட் மரக்கட்டை, அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஆளி விதை எண்ணெய் பூசிப் பூசி, மூன்று வாரம் வீடு பெயிண்ட் கடை மாதிரி நாறியது. உள்ளே ஸ்பிரிங்கை மாற்றி, குண்டின் வேகத்தை விதி சொல்கிற அளவுக்குக் குறைத்து, குழாயைச் சீராக்கி. அப்புறம் பளபளப்பாக இருக்கிறதே, பர்மாவில் சேற்றில் புரண்ட துப்பாக்கி பளபளக்குமா என்று விளிம்பையெல்லாம் இரும்பு நாரால் தேய்த்தார். “புதுசா வாங்கி, அதப் பழசாக்க ஒரு மாசம். பழசாவே வாங்கறதுக்கென்னங்?” என்று கேட்டாள் கோகிலா. நல்ல கேள்விதான். பெல்ட்டு, பட்டை, பை எல்லாம் தோல் மாதிரி வெளுத்த மஞ்சளில் வந்தன, படத்தில் இருக்கிற நிறம் வேறு. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் எங்கிருந்து தெரிந்தது என்று கேட்கக் கூடாது. தெரிந்தது. டீத்தூள் போட்டுக் கொதிக்க வைத்தால் வரும் என்று படித்தார், பெரிய பாத்திரம் வேண்டுமே என்று தேடினார், இருந்தது ஒன்றுதான். அவள் வேலை முடிந்து வந்து மூடியைத் திறந்தபோது பொங்கல் வைக்கிற அண்டாவில் பட்டைகள் பாம்புக்குட்டி மாதிரி நெளிந்து வெந்துகொண்டிருந்தன. “இதென்ன கொடுமைங்க!” என்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு வாரம் பேச்சு இல்லை. அந்த வாரத்தில்தான் அவள் ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள் என்பது பிற்பாடு தெரிந்தது. போனில் அம்மாவிடம் சொன்னபோது அம்மா, “துப்பாக்கி விளையாட்டா சாமி? நாப்பத்தொரு வயசுலயா? சின்னதுல ஒரு கேப்பு துப்பாக்கி வாங்கித் தந்திருந்தா இந்தக் கேடு வந்திருக்காதாட்ட இருக்குது” என்று தன்னையே நொந்துகொண்டாள்.

இவ்வளவும் செய்து என்ன? ஒரு வருஷமாக ஒவ்வொரு ஆட்டத்திலும் முதலில் சாவது அவர்தான். சுற்று ஆரம்பித்து எல்லாரும் ஓடி மறைவதற்குள் ஆணி பூட்ஸ் ஒரு வேரில் மாட்டும், எங்கிருந்தோ ஸ்டென் தர்ரென்று சொல்லும், ஹிட், சிவப்புத் துணி, உட்கார். உட்கார்ந்து உட்கார்ந்து இந்தக் காட்டில் எந்த வேரில் உட்கார்ந்தால் வலிக்காது என்பதுவரை அத்துப்படி. ஆனால் அவர் போட்ட குண்டு எவன் மேலாவது பட்டதா என்றால் இல்லை. ஒரு தடவைகூட இல்லை. அவர் அணியில் இருக்கும் கேரி நல்ல பையன், முதுகில் தட்டி, நீங்கள் பார்வைக்கு அற்புதமாக இருக்கிறீர்கள் என்பான். கல்யாண வீட்டு வாசலில் வைத்த பன்னீர்ச் சொம்பு மாதிரி. சின்ன வயசிலும் இப்படித்தான். உடுமலையில் குட்டைத்திடல் பக்கத்துச் சந்தில் கிரிக்கெட், பெரிய பையன்கள், இவர் ஒப்புக்குச் சப்பாணி. இரண்டு பக்கமும் ஆடலாம், எந்தப் பக்கத்துக் கணக்கிலும் சேர்த்தி இல்லை. ஒரு நாள் பந்து மட்டையில் உரசிப் பின்னால் போய்விட்டது. யாருக்கும் கேட்கவில்லை, இவர் கைக்கு மட்டும் தெரிந்தது. மற்றவர்கள் என்றால் அம்மா மேல சத்தியம், சாமி சத்தியம் என்று தொண்டை கிழியக் கத்துவார்கள், ரத்தம் வருகிற வரை சண்டை போடுவார்கள். இவர் தானாக மட்டையைக் கீழே வைத்து, நான் அவுட் என்றார். பந்து போட்ட பாலமுருகன் சிரித்தான். “நீ ஆடுறா. உனக்கெல்லாம் அவுட் கெடையாது.” சந்து முழுக்கச் சிரிப்பு. அன்றைக்கு அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடியிருக்கலாம். வீட்டுக்குப் போய் அழுதார். அவுட் ஆனதற்கு அழுகிற பையனைப் பார்த்திருக்கிறோம், அவுட் ஆக விடவில்லை என்று அழுத பையன் உடுமலையில் அவர் ஒருத்தர்தான்.

பட்டதா? சரி, தொழில்முறையில் யோசிப்போம். பிழை என்று ஒருவன் சொன்னால் திருமலைச்சாமி கேட்கிற முதல் கேள்வி, மறுபடியும் செய்து காட்டு என்பதுதான். மறுபடியும் வராத பிழை பிழை இல்லை. இந்த டக் மறுபடியும் வரவில்லை. ஆக இது பிழை இல்லை. ஆனால் குகனேசன் மறுபடியும் எதற்குச் சுடுவார்? பட்டுவிட்டது என்று தெரிந்தவன் மறுபடியும் சுடுவானா? சுடாததே பட்டதற்கு அத்தாட்சி ஆகிவிட்டதே. படவில்லை என்றால் இந்நேரம் இன்னொன்று போட்டிருப்பார். பட்டதால்தான் பேசாமல் இருக்கிறார். அய்யோ. பட்டும் கத்தாதவர்களுக்கு இந்தக் கூட்டத்தில் பேர் உண்டு, முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், டீ குடிக்கும்போது பக்கத்தில் நிற்க மாட்டார்கள், அவ்வளவுதான். திருமலைச்சாமி அவர்களுக்கு மனசுக்குள் சிரஞ்சீவிகள் என்று பேர் வைத்திருந்தார். இப்போது தானே ஒரு சிரஞ்சீவியாகப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறோமா என்று நினைத்தபோது ஸ்வெட்டருக்குள் வேர்த்துவிட்டது. பர்மா மாதிரியே வேர்த்தது.

வாய்விட்டுக் கேட்டுவிட்டால் என்ன? கேட்பது தோல்வியா? ஆங்கிலத்தில் கேட்டால் காடு முழுக்கத் தெரிந்துவிடும். தமிழில் கேட்கலாம், இந்தக் காட்டில் தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் அந்தப் புதருக்குள்தான் இருக்கிறார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “குகனேசன்... இப்பச் சுட்டது நீங்களாங்க?” பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக, “பட்டுச்சான்னு தெரியலீங்க. அதான் கேக்கறன்.” ஒரு காக்காகூடக் கரையவில்லை. கேட்டதே தப்போ? மனசாட்சிக்கு விட்ட விஷயத்தை வாயால் கேட்டால் அது பேரம் ஆகிவிடுமோ? எங்கே, நீங்கள் படவில்லை என்று சொல்லுங்கள், நான் படுத்தே கிடக்கிறேன் என்கிற மாதிரி. அந்த மனுஷன் அப்படிப் பேசிப் பழகாதவர். போன வருஷம் டீ மேஜையில் ஒரு தடவை திருமலைச்சாமி கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார், நிஜச் சண்டையைக் கண்ணால் பார்த்த நீங்கள் எப்படிங்க இதை விளையாட வருகிறீர்கள் என்று. குகனேசன் பிஸ்கட்டை டீயில் தொட்டுத் தின்று முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். “அங்க அடிபட்டவன் ஆரும் கையத் தூக்கிப்போட்டு எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போனதில்லை அண்ணை. இஞ்ச போறாங்கள். அதைப் பாக்கத்தான் வாறனான்.” சொல்லிவிட்டு இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். திருமலைச்சாமி தன் பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

அந்த மனுஷனுக்கு முன்னால் செத்தும் சாகாமல் கிடப்பதா? விசில் இதோ ஊதப்போகிறது, காலின் மேட்டில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னும் கொஞ்சம் கிடந்தால் போதும். பாலம் நம்முடையது. கேரி வந்து தூக்கிக்கொள்வான், எல்லாரும் கை கொடுப்பார்கள், முதல் தடவையாக, ஒரு வருஷத்தில் முதல் தடவையாக. கண்டக்டர் இருந்தால் என்ன சொல்லுவார்? அவருக்குக் குண்டு பட்டிருந்தால் பட்டதா என்று யோசித்துக்கொண்டு கிடக்கிற வசதி இருந்திருக்காது. சீ, இந்த நேரத்தில் அது எதற்கு. படவில்லை என்றால்? படாமலே எழுந்து கத்தினால் அது நேர்மையா, முட்டாள்தனமா? பக்கத்தில் கிடக்கிற பதினான்கு பேர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய பாலத்தை ஒரு சந்தேகத்துக்குக் கொடுப்பதா? கிரிக்கெட்டில் சந்தேகம் என்றால் ஆட்டக்காரனுக்குச் சாதகம் என்பார்கள். ஆட்டக்காரனுக்கு. அந்த வார்த்தையில் அவர் நின்றுவிட்டார். அப்படியானால் நான் இன்றைக்கு ஆட்டக்காரன். ஒப்புக்குச் சப்பாணி இல்லை, பன்னீர்ச் சொம்பு இல்லை. நான் எழுந்தால் பாலம் போகும், கிடந்தால் பாலம் நிற்கும். என் சாவுக்கு இன்றைக்கு ஒரு மதிப்பு உண்டு. நீ ஆடுறா உனக்கெல்லாம் அவுட் கிடையாது என்று இந்தக் காட்டில் எவனும் சொல்ல முடியாது. இந்த நினைப்பு வந்ததும் அவருக்கு ஏற்பட்டது சந்தோஷம்தான், வேறு பேர் அதற்கு இல்லை. பட்டதா படவில்லையா என்பதுகூடக் கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது. டக் என்றது. டக் என்றது எனக்குத்தானே தெரியும். எனக்குத் தெரிந்தால் போதும்.

திருமலைச்சாமி எழுந்தார். முட்டி மடக்கென்றது. இரண்டு கையையும் தூக்கி, “ஹிட்!” என்று காடு அதிரக் கத்தினார், தன் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக எதையும் கத்தியதில்லை. மேட்டுப் பக்கம் சிவப்புத் துணிகள் எல்லாம் ஒரேயடியாகத் திரும்பின. கேரி செத்தவன் என்பதால் பேச முடியாமல் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். எழுந்து நின்ற உயரத்தில் பெரணிப் புதரின் மறுபக்கம் தெரிந்தது. அங்கே ஓர் அடிமரத்தில் சாய்ந்துகொண்டு குகனேசன் உட்கார்ந்திருந்தார், மடியில் துப்பாக்கி, கையில் பாதி முறுக்கு, தலையில் சிவப்புத் துணி. மஞ்சள் வெயிலில் துணி பளீரென்று இருந்தது. துணியை ஒழுங்காக மடித்துக் காதோரம் செருகிக்கூட வைத்திருந்தார், அதாவது செத்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குகனேசன் கண்ணில் ஒரு பெரிய கேள்விக்குறி. இவரும் செத்தாயிற்று, பேசக் கூடாது. திருமலைச்சாமி அவர் துப்பாக்கியைக் காட்டி, தன் முதுகைக் காட்டி, விரலை ஆட்டிக் கேட்டார், நீங்கள்தானே? குகனேசன் இல்லை என்று தலையாட்டினார். பிறகு முறுக்கோடு கையை நீட்டித் திருமலைச்சாமியின் துப்பாக்கியைக் காட்டினார். தன் நெஞ்சைக் காட்டினார்.

திருமலைச்சாமி மெதுவாகப் பலகையில் உட்கார்ந்தார். தன் சிவப்புத் துணியை எடுத்துத் தொப்பிமேல் போட்டுக்கொண்டார். டக் என்று பையில் ஒன்று விழுந்து, உருண்டு, பலகையில் அவர் பூட்ஸ் பக்கம் வந்து நின்றது. ஓக் மரத்துக் கொட்டை. அண்ணாந்து பார்த்தார், மரம் முழுக்கக் கொட்டை. இன்னொன்று விழுந்தது. அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார், கோபம் வரவேண்டிய இடம், வரவில்லை. உலகத்திலேயே பெரிய சேதி ஒன்று நெஞ்சு முட்ட நிற்கிறது, வாயைத் திறக்கக் கூடாது. அந்தச் சில நிமிஷம் அவர் பட்ட பாடு ஒரு வருஷம் செத்துச் செத்துப் பட்ட பாட்டைவிட அதிகம்.

விசில் ஊதியது. குகனேசன் துணியை உருவிக்கொண்டு பெரணியை மிதித்தபடி வந்தார்.

“என்னைச் சுட்டுப்போட்டு நீங்கள் ஏன் அண்ணை செத்தனீங்கள்?”

“நெசமாலுமே பட்டுச்சுங்களா?”

“பட்டதோவோ? இஞ்ச, நெஞ்சில, சுள்ளெண்டு. நான் கத்தினன், கையும் தூக்கினன். கேக்கேல்லையே?”

திருமலைச்சாமி தொப்பியைக் கழற்றிக் குரங்குக் குல்லாவைக் காட்டினார். “அப்புறம் நான் கூப்புட்டனுங்களே?”

“செத்தவன் என்னெண்டு அண்ணை கதைக்கிறது? நீங்கள் கேக்கக் கேக்க எனக்கு அங்க உயிர் போகுது.”

அதற்குள் மேட்டிலிருந்து கேரி இறங்கி வந்துவிட்டான், பின்னால் மெட்ராஸ் படை முழுவதும். யார் சுட்டது, எங்கிருந்து சுட்டான், ஒருத்தனும் மிச்சமில்லையே என்று ஆளாளுக்குக் கத்தல். காலினும் வந்தார். திருமலைச்சாமி பொய் தெரியாதவர், உள்ளங்கையைத் திறந்து ஓக் கொட்டையைக் காட்டினார். காலின் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பத்து நாலில் இதெல்லாம் இருந்ததுதான் என்று ஒப்புக்கொள்கிற மாதிரி தலையசைத்தார். ஹிட் என்று சொன்னால் ஹிட்தான், சுட்டது யாராக இருந்தால் என்ன, பாலம் போனது போனதுதான் என்று தீர்ப்புச் சொன்னார். கேரி தரையில் உட்கார்ந்துவிட்டான். பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், அதில் நல்ல வார்த்தை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் காதில் விழுந்தால்தானே. அவுட் என்றால் அவுட், அதோடு இன்னொருத்தனையும் அவுட் ஆக்கியாயிற்று, இரண்டும் ஒரே நாளில். குல்லாவைக் கழற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு குகனேசனை நெருங்கி நின்றார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. சட்டையச் சித்தத் தூக்கறீங்களா?”

குகனேசன் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு துப்பாக்கியைக் கேரியிடம் கொடுத்துவிட்டுச் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி விலக்கினார். நெஞ்சில் கடுகளவுக்குச் சிவந்திருந்தது. திருமலைச்சாமி கண்ணாடியை மேலே தள்ளிக் குனிந்து பார்த்தார், பிள்ளையைப் பெற்ற அன்று தொட்டிலில் குனிந்து பார்க்கிற மாதிரி. இவ்வளவு சின்னதாகவா இருக்கும். பின்னால் யாரோ பாலம், பாலம் என்று இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“சித்த இப்படி வெளிச்சத்துக்கு வாங்க” என்றார்.